வந்தது ஒன்று, தங்க வைப்பது வேறொன்று

ஒருவருக்கு வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. புது வேலையில் சேர்ந்தே நாலு மாதம் ஆகிவிட்டது. சம்பளத்தில் குறையில்லை, மேலதிகாரியும் தொந்தரவில்லை. ஆனாலும் ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் விடியும்வரை கூரையைப் பார்த்தபடி கிடக்க வேண்டியிருக்கிறது. "அதான் எல்லாம் சரியாயிடுச்சே, இன்னும் என்ன அதையே நினைச்சுக்கிட்டு?" என்கிறார்கள் வீட்டில். அவர் அதை நினைக்கவே இல்லை. குழப்பமே அங்கேதான். காரணம் போய்விட்டது, பிரச்சினை மட்டும் போகவில்லை.

இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். மணமுறிவு முடிந்து ஒன்றரை வருடமாகியும் யாரையும் சந்திக்கப் பிடிக்காதவர், ஓய்வு பெற்று ஆறு மாதமாகியும் பகலெல்லாம் சோபாவை விட்டு எழாதவர், பிரசவம் நல்லபடியாக முடிந்தும் எதிலும் ஒட்டாதவர். எல்லோரும் தேடுவது ஒரே கேள்விக்கு விடை: "எதனால் இப்படி ஆனேன்?" நியாயமான கேள்விதான். ஆனால் அதைவிடப் பயன் தரும் கேள்வி இன்னொன்று உண்டு: "இது எதனால் இன்னும் போகாமல் இருக்கிறது?"

இந்த இரண்டையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர்கள் தூக்க ஆய்வாளர்கள். ஆர்தர் ஸ்பீல்மனும் உடன் பணியாற்றியவர்களும் 1987-இல் நாள்பட்ட தூக்கமின்மையை மூன்று பங்காகப் பிரித்தார்கள். முதலாவது, ஒருவரிடம் ஏற்கெனவே இருக்கும் சாய்வு: லேசான தூக்கம், எளிதில் பதறும் சுபாவம் போன்றவை. இரண்டாவது, தூண்டிவிட்ட நிகழ்ச்சி: வேலை போனது, நோய், சாவு. மூன்றாவது, அந்த நிகழ்ச்சியைச் சமாளிக்க நாமே ஆரம்பித்த பழக்கங்கள். தூக்கம் வரவில்லை என்று சீக்கிரமே போய்ப் படுப்பது, பகலில் ஒரு தூக்கம் போட்டு ஈடுகட்டுவது, படுக்கையிலேயே ஃபோனைத் தடவுவது. நிகழ்ச்சி நாளடைவில் வலுவிழந்துபோகும், பழக்கம் மட்டும் நின்றுவிடும். ஒரு வருடத்துக்குப் பிறகு தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் மூன்றாவதுதான்.

இதைத் தூக்கத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதில்லை. கவலை, ஒதுங்கிக்கொள்வது, எதிலும் மனம் பற்றாமல் போவது எல்லாவற்றுக்கும் இதே கணக்குப் பொருந்தும். முதல் இரண்டு வாரத்தில் மருந்தாக இருந்தது, மூன்றாவது மாதத்தில் நோயாகிவிடுகிறது. நடந்ததை மாற்ற முடியாது. பிறந்த சுபாவத்தையும் பெரிதாக மாற்ற முடியாது. கைக்கு எட்டுவது அந்த மூன்றாவது பங்கு மட்டும்தான்.

மாற்றம் எதை எடுத்துக்கொண்டு போனது?

தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு மனநல மருத்துவர்கள் 1967-இல் 43 வாழ்க்கை நிகழ்ச்சிகளைப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் வெளியிட்டார்கள். திருமணத்தை அளவுகோலாக வைத்து, மற்றவற்றை அதோடு ஒப்பிட்டு மதிப்பிடும்படி 394 பேரைக் கேட்டுக் கிடைத்த எண்கள் அவை. வாழ்க்கைத் துணையின் இறப்பு 100, மணமுறிவு 73, திருமணம் 50, வேலையிலிருந்து நீக்கப்படுவது 47, பணி ஓய்வு 45, கருவுறுதல் 40, வீடு மாறுவது 20. விடுமுறைக்குக்கூட 13 மதிப்பெண்.

இந்தப் பட்டியலை எடுத்துக் கூட்டிப் பார்த்து, "எனக்கு 280 வருகிறது, நோய் வரப்போகிறதா?" என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணை வைத்துத் தனி ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது. கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. கல்யாணமும் கர்ப்பமும் விடுமுறையும் ஏன் இந்தப் பட்டியலில் இருக்கின்றன? ஹோம்ஸும் ராஹேயும் அளந்தது துன்பத்தை இல்லை. ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு வாழ்க்கையை எவ்வளவு தூரம் மறுபடி ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கிறது என்பதைத்தான். விரும்பிக் கேட்டு வாங்கிய பதவி உயர்வுக்குப் பிறகும் மனம் சோர்ந்துபோவதற்கு இதுதான் காரணம். "சந்தோஷமாகத்தானே இருக்கணும், எனக்கு என்ன கேடு?" என்று தன்னையே திட்டிக்கொள்வது அந்தச் சோர்வின் மேல் இன்னொரு மூட்டையை ஏற்றுவது.

1981-இல் ஆலன் கேனர், ரிச்சர்ட் லாசரஸ் முதலானோர் வெளியிட்ட ஆய்வு இதை இன்னும் கூர்மையாக்கியது. மனநலப் பாதிப்பின் அறிகுறிகளை முன்கூட்டியே கணிப்பதில், பெரிய நிகழ்ச்சிகளைவிட அன்றாடச் சின்னத் தொல்லைகளே மேலாக இருந்தன. என் வாசிப்பில் இவை ஒன்றுக்கொன்று முரண்படவில்லை. பெரிய மாற்றம் மனதைத் தாக்கும் பாதை, பெரும்பாலும் அது கலைத்துப்போடும் சின்ன விஷயங்களின் வழியாகத்தான்.

ஆகவே முதல் வேலை ஒரு தாளும் பேனாவும் எடுப்பது. நிகழ்ச்சியைப் பற்றி எழுதக் கூடாது. அது உங்கள் நாளிலிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போனது என்று வரி வரியாக எழுத வேண்டும். பணி ஓய்வை எடுத்துக்கொள்வோம். "வேலை போனது" என்று ஒரு வரியில் முடித்தால் பயனில்லை. குறிப்பிட்ட நேரத்தில் எழுந்தாக வேண்டிய கட்டாயம் போனது. காலை வெயிலில் இருபது நிமிட நடை போனது. பதினொரு மணிக்கு ஒருவரோடு ஐந்து நிமிட அரட்டை போனது. "இதை எப்படிச் செய்யலாம்?" என்று யாராவது வந்து கேட்கும் அந்தக் கணம் போனது. சாயங்காலம் வரும் நியாயமான களைப்பு போனது. வெள்ளிக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் இருந்த வித்தியாசம் போனது. இருபது வரி வரும்வரை விடாமல் எழுதுங்கள். முதல் ஐந்தாறு எல்லோருக்கும் தெரிந்தவையாக இருக்கும். உண்மையில் வலிப்பது பன்னிரண்டுக்கு மேல்தான் வரும்.

பிறகு ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்றில் ஒரு குறி: திரும்ப உண்டாக்க முடியும், வேறொன்றால் ஓரளவு நிரப்ப முடியும், முடியாது. பலருக்கு முதல் இரண்டு வகையிலும் எதிர்பார்த்ததைவிட அதிகம் சேரும். எழும் நேரத்தையும் நடையையும் நாளையே திரும்ப உண்டாக்கலாம். மூன்றாவது வகையில் நிற்பவைதான் உண்மையான இழப்பு. அவற்றுக்கு வருத்தப்பட்டுத்தான் ஆக வேண்டும், அதில் குறுக்கு வழி எதுவும் கிடையாது.

படுக்கை: முதலில் கெடுவது, முதலில் சரிசெய்ய வேண்டியது

எங்கே தொடங்குவது என்று கேட்டால் தூக்கத்தில் தொடங்குங்கள் என்பேன். தூக்கம் கெட்ட மனதோடு வேறெந்தப் பயிற்சியைச் செய்தாலும் பாதிப் பலன்தான் கிடைக்கும். அதோடு, நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பே முயல வேண்டியது பழக்கவழக்கம் சார்ந்த உளச்சிகிச்சைதான் என்று 2016-இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு வழிகாட்டியது. அந்தச் சிகிச்சையின் முதுகெலும்பு இரண்டு முறைகள்.

முதல் முறை ரிச்சர்ட் பூட்ஸின் என்ற உளவியலாளர் 1972-இல் வகுத்தது. கட்டிலைப் பார்த்தாலே உடம்பு "இது விழித்துக் கிடக்கும் இடம்" என்று பழகிப்போயிருக்கிறது. அந்தப் பழக்கத்தை அழித்து எழுத வேண்டும். தூக்கம் கண்ணைச் சொருகும்போது மட்டும் படுக்க வேண்டும். களைப்பு வேறு, தூக்கம் வேறு. உடம்பு அசந்திருந்தும் மூளை முழித்திருந்தால் அது களைப்பு, படுக்க நேரமில்லை. தூக்கத்துக்கும் தாம்பத்தியத்துக்கும் தவிர வேறு எதற்கும் படுக்கையைப் பயன்படுத்தக் கூடாது. படுத்து ஏறத்தாழ பதினைந்து இருபது நிமிடம் ஆனது போலத் தோன்றியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய்விட வேண்டும். தூக்கம் வந்த பிறகே திரும்ப வேண்டும். எத்தனை முறை ஆனாலும் இப்படித்தான். காலையில் எழும் நேரம் ஞாயிற்றுக்கிழமை உட்பட ஒன்றே. பகல் தூக்கம் வேண்டாம்.

படிக்கச் சுலபம். செய்யும்போது எங்கே சறுக்குகிறது என்றால், ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து போக மனம் வராது. "இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று புரளுவோம். ஆகையால் படுக்கப் போவதற்கு முன்பே அந்த இடத்தைத் தயார் செய்து வைக்க வேண்டும். வேறு அறையில் ஒரு நாற்காலி. அதன் மேல் மடித்த போர்வை. மங்கலான ஒரு விளக்கு. நாலு பக்கம் படித்தால் கொட்டாவி வரும்படியான ஒரு புத்தகம், அல்லது மடிக்க வேண்டிய துணி. ஃபோன் அங்கே இருக்கக் கூடாது. படுக்கையறைக் கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். மணி பார்த்த அடுத்த நொடியே மனம் "இன்னும் மூன்று மணி நேரம்தான் இருக்கிறது" என்று கணக்குப் போடும். அந்தக் கணக்கே ஒரு முழிப்பு மருந்து.

இரண்டாவது முறை ஸ்பீல்மன் குழுவினர் 1987-இல் தந்தது: படுக்கையில் இருக்கும் நேரத்தையே குறைப்பது. இதற்கு முதலில் இரண்டு வாரம் குறிப்பு எடுக்க வேண்டும். காலையில் எழுந்ததும் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், ஏறத்தாழ எவ்வளவு நேரம் தூங்கினீர்கள், எத்தனை மணிக்குப் படுக்கையை விட்டீர்கள் என்று மூன்றே விவரம். ஒருவர் இரவு 10 மணிக்குப் படுத்து 6.30-க்கு எழுகிறார் என்று வைப்போம். படுக்கையில் எட்டரை மணி நேரம். தூங்கியது சராசரியாக ஐந்தரை மணி நேரம். ஐந்தரையை எட்டரையால் வகுத்தால் 65 சதவீதம்தான். மீதி நேரமெல்லாம் கட்டிலில் விழித்துக் கிடக்கும் பயிற்சி. இவர் எழும் நேரத்தை 6.30 என்றே வைத்துக்கொண்டு, படுக்கும் நேரத்தை 1 மணிக்குத் தள்ள வேண்டும். ஒரு வாரச் சராசரி 85 சதவீதத்தைத் தாண்டினால் படுக்கும் நேரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னே கொண்டுவரலாம். அடுத்த வாரமும் தாண்டினால் இன்னொரு பதினைந்து. எவ்வளவு குறைவாகத் தூங்கினாலும் படுக்கையில் இருக்கும் நேரத்தை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே இறக்கக் கூடாது.

முதல் வாரம் படு மோசமாக இருக்கும். முன்பே தெரிந்திருக்காவிட்டால் நாலாம் நாள் விட்டுவிடுவீர்கள். பகலில் கண் சொருகும், எரிச்சல் வரும். அந்தத் தூக்கப் பசிதான் சிகிச்சையே. ஆனால் இது எல்லோருக்குமானதில்லை. இருமுனை மனநோய், வலிப்பு, தூக்கத்தில் நடக்கும் பழக்கம் உள்ளவர்களும், கனரக வண்டி ஓட்டுபவர்களும், ஆபத்தான இயந்திரங்களில் வேலை செய்பவர்களும் இதைத் தாங்களாகத் தொடங்கக் கூடாது. பலமாகக் குறட்டை விட்டு நடுவே மூச்சு நின்று திணறுபவர்களுக்கு வேண்டியது வேறு பரிசோதனை.

காபியைப் பற்றி ஒரு வரி. உடம்பில் போன கஃபீனில் பாதி வெளியேற ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக்குக் குடித்தால் இரவு பத்து மணிக்கும் பாதி உள்ளேயே இருக்கிறது. மது, தூங்க வைத்துவிட்டுப் பின்னிரவில் எழுப்பிவிடும்.

இன்னொன்று. விழித்த முதல் அரை மணியிலிருந்து முக்கால் மணிக்குள் உடம்பில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் இயல்பாகவே ஏறும். மாற்றக் காலத்தில் விடிகாலையில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வதற்கு இதற்கும் பங்கு இருக்கலாம். அந்த நேரத்தில் தோன்றுவதை வாழ்க்கையைப் பற்றிய தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ராஜினாமாக் கடிதமோ, உறவை முறிக்கும் செய்தியோ குளித்து முடித்த பிறகு எழுதலாம்.

கவலைக்கு ஒரு நாற்காலி

"அதைப் பற்றி நினைக்காதே" என்பதைவிடப் பயனற்ற அறிவுரை கிடையாது. டேனியல் வெக்னர் 1987-இல் செய்த சோதனையில், வெள்ளைக் கரடியை நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களால் அதை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதோடு, தடை நீங்கிய பிறகு, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். அடக்கிய எண்ணம் வட்டியோடு திரும்பி வரும்.

தாமஸ் போர்கோவெக்கும் உடனிருந்தவர்களும் 1983-இல் சொன்ன வழி, கவலையைத் தடுக்காமல் தள்ளிப்போடுவது. தினமும் ஒரே இடம், ஒரே நேரம், அரை மணி. சாயங்காலம் ஐந்தரை மணி போல வைத்துக்கொள்வது நல்லது, படுக்கப் போகும் நேரத்தை ஒட்டி வேண்டவே வேண்டாம். இடம் சாப்பிடும் மேஜையோ கட்டிலோ அல்லாத ஒரு நாற்காலி. வசதியான நாற்காலியாக இல்லாவிட்டால் இன்னும் நல்லது. பகலில் கவலை வந்தால் ஒரு சின்ன நோட்டில் நாலு வார்த்தை மட்டும்: "மாமாவின் ரிப்போர்ட்", "ஆகஸ்ட் தவணை". எழுதிவிட்டு, "ஐந்தரைக்குப் பார்த்துக்கலாம்" என்று கையில் இருந்த வேலைக்குத் திரும்ப வேண்டும்.

ஐந்தரைக்கு நோட்டைத் திறந்து ஒவ்வொரு வரியையும் ஒரு கேள்வி கேளுங்கள். இதற்கு நான் இந்த வாரத்தில் செய்யக்கூடிய காரியம் ஏதாவது உண்டா? உண்டென்றால் அந்தக் காரியத்தை எழுதுங்கள், நாள், நேரத்தோடு. "தவணையைப் பற்றி யோசிக்கணும்" என்று எழுதினால் அது கவலையின் மறுபதிப்பு. "செவ்வாய் 11 மணிக்கு வங்கிக்கு ஃபோன், இரண்டு மாத அவகாசம் கேட்க" என்பது காரியம். செய்ய ஒன்றுமில்லாத "அப்படி ஆகிவிட்டால்?" வகைக் கவலை என்றால், நேரம் முடியும்வரை அதை முழுதாகக் கவலைப்படுங்கள். ஆம், கவலைப்படத்தான். அரை மணி ஒரே கவலையில் உட்கார்ந்தால் பத்தாவது நிமிடத்தில் சலித்துவிடும். எந்நேரமும் நினைத்துக்கொண்டிருக்கும் விஷயத்தில் அரை மணி நேரத்துக்குக்கூடச் சரக்கு இல்லை என்று தெரிவது நல்ல கண்டுபிடிப்பு.

மூன்று இடத்தில் இது கெடும். முதலாவது, கவலை நேரத்தைக் கட்டிலில் வைத்துக்கொள்வது. பூட்ஸின் சொன்னதெல்லாம் வீண். இரண்டாவது, "இன்றைக்குக் கவலை ஒன்றும் இல்லையே" என்று ஐந்தாம் நாள் நாற்காலிக்குப் போகாமல் விடுவது. அப்போது ஆறாம் நாள் "ஐந்தரைக்குப் பார்த்துக்கலாம்" என்று சொன்னால் மனம் நம்பாது. கவலை இல்லாத நாளிலும் ஐந்து நிமிடமாவது போய் உட்கார வேண்டும். மூன்றாவது, வீட்டில் உள்ளவர்களிடம் திரும்பத் திரும்ப உறுதி கேட்பது. "ஒண்ணும் ஆகாதுல்ல?" "ஆகாது." பத்து நிமிட நிம்மதி, பிறகு மறுபடி கேள்வி. பதில் சொல்பவர் அன்பாகத்தான் சொல்கிறார், ஆனால் ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்குத் தீனி. "சாயங்காலம் உன் நாற்காலியில அதைப் பார்க்கலாமா?" என்று கேட்பது கொஞ்சம் கடுமையாகத் தெரியும். ஆனால் உதவும்.

மனம் வந்தால் செய்வேன் என்று காத்திருப்பது

இதுதான் மிக ஆழமாக வேர் விடும் பழக்கம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம். மாற்றத்துக்குப் பிறகு ஒருவர் ஒதுங்குகிறார். முதலில் அது இதமாகவே இருக்கிறது. யாரும் கேள்வி கேட்பதில்லை, முகத்தைச் சிரித்தபடி வைத்திருக்கத் தேவையில்லை. ஆனால் ஒதுங்கிய நாளில் நல்லது நடக்க வாய்ப்பும் குறைகிறது. நல்லது நடக்காததால் மனம் இன்னும் இறங்குகிறது. இறங்கிய மனம் இன்னும் ஒதுங்கச் சொல்கிறது.

நீல் ஜேக்கப்சனும் குழுவினரும் 1996-இல் ஒரு சோதனை செய்தார்கள். மனச்சோர்வுக்கான சிந்தனைச் சிகிச்சையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, நோயாளியின் நாளில் செயல்களைத் திரும்பக் கொண்டுவரும் பகுதியை மட்டும் ஒரு குழுவுக்குக் கொடுத்தார்கள். முழுச் சிகிச்சை பெற்றவர்களுக்குக் கிடைத்த அளவு பலன் இவர்களுக்கும் கிடைத்தது. எண்ணங்களை அலசாமலே, செயலை மாற்றியதால் மனம் மாறியது. மனம் வந்த பிறகு செயல் என்ற வரிசையைத் திருப்பிப் போட்டுப் பார்க்கலாம் என்பதே இதில் நமக்குப் பாடம்.

செய்முறை இப்படி. ஒரு வாரத்துக்கு, எதையும் மாற்றாமல், மணிக்கு ஒரு வரி எழுதுங்கள். பக்கத்தில் பூஜ்யத்திலிருந்து பத்துவரை இரண்டு மதிப்பெண்: எவ்வளவு பிடித்திருந்தது, எவ்வளவு சாதித்த உணர்வு தந்தது. ஒரு நாளின் துண்டு இப்படி இருக்கும்:

10–11: படுத்தபடி ஃபோன். பிடித்தது 2, சாதித்தது 0.
11–12: அலமாரியில் ஒரு தட்டு அடுக்கினேன். 3, 6.
12–1: மறுபடி ஃபோன். 1, 0.
5–6: தெருமுனை வரை நடந்து திரும்பினேன். 4, 5.

"எதுவுமே பிடிக்கவில்லை" என்று சொல்லும் ஒருவரின் தாளிலும் எண்கள் ஒன்றுபோல இருக்காது. ஓய்வு என்று நம்பியிருந்த ஃபோன் நேரத்துக்கு 1, எரிச்சலோடு செய்த அலமாரிக்கு 6. இதை யாரும் வாயால் சொல்லி நம்ப வைக்க முடியாது, தன் கையெழுத்தில் பார்த்தால் நம்புவார்கள். இரண்டு மதிப்பெண் ஏன் என்றால், மனம் மிகவும் இறங்கிய காலத்தில் மகிழ்ச்சி பிறகுதான் திரும்பும். சாதித்த உணர்வு அதற்கு முன்பே எட்டிப் பார்க்கும். மகிழ்ச்சியை மட்டும் அளந்தால் "பலனே இல்லை" என்று இரண்டாம் வாரம் கைவிட நேரும்.

அடுத்த வாரத்துக்கு, முந்தைய தாளில் அதிக எண் வாங்கியவற்றில் இரண்டையும், முன்னொரு காலத்தில் செய்து விட்டுப்போன ஒன்றையும் எடுத்து நாள், நேரம் குறியுங்கள். அளவை நினைத்ததில் பாதியாக வையுங்கள், பிறகு அதிலும் பாதியாக்குங்கள். "தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி" என்பது நல்ல நாளில் போடும் திட்டம், கெட்ட நாளில் அதுவே குற்றப்பத்திரிகை ஆகிவிடும். "புதன் காலை 7 மணிக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு பத்து நிமிடம்" என்பது கெட்ட நாளிலும் முடியும். வாரத்துக்கு ஒன்றாவது இன்னொரு மனிதர் சம்பந்தப்பட்டதாக இருக்கட்டும். தனியாகப் போட்ட திட்டத்தை ரத்து செய்ய ஒரு நொடி போதும், வாசலில் ஒருவர் காத்திருந்தால் அவ்வளவு எளிதில்லை.

"21 நாளில் பழக்கம் வந்துவிடும்" என்று எங்கும் சொல்கிறார்கள். பிலிப்பா லாலியும் குழுவினரும் லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் நிலையை எட்ட எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவே ஒரு நாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. ஆகவே 22-ஆம் நாள் இன்னும் இழுத்துப் பிடிக்க வேண்டியிருந்தால் உங்களிடம் கோளாறு ஒன்றுமில்லை.

சாவு வேறு கணக்கு

மேலே சொன்னதையெல்லாம் ஒருவர் இறந்த பத்தாம் நாள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள். துக்கம் சரிசெய்ய வேண்டிய கோளாறில்லை.

ஐந்து கட்டங்கள் என்று ஒன்றைப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள்: மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் இதை எழுதியது சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றி. பிற்பாடுதான் அது இழந்தவர்களின் துக்கத்துக்கும் நீட்டப்பட்டது. இழந்தவர்கள் எல்லோரும் அந்த வரிசையில் ஏறிப்போவதில்லை. "எனக்குக் கோபமே வரலையே, நான் சரியா துக்கப்படலையோ?" என்று ஒருவர் கவலைப்படும்போது, ஒரு தப்பான வரைபடத்தைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறோம் என்றுதான் அர்த்தம்.

மார்கரெட் ஸ்ட்ரோபேயும் ஹெங்க் ஷூட்டும் 1999-இல் சொன்னது அனுபவத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. துக்கத்தில் இருப்பவர் இரண்டு கரைக்கும் நடுவே ஊசலாடுகிறார். ஒரு கரையில் அழுகை, நினைவு, புகைப்படம். இன்னொரு கரையில் மின்கட்டணம், பிள்ளையின் பள்ளி, போனவர் செய்துவந்த வேலைகளைக் கற்றுக்கொள்வது. காலையில் அழுதவர் மதியம் ஒரு நகைச்சுவைக்குச் சிரிப்பது நடிப்பில்லை, மறதியும் இல்லை. அந்தப் போக்குவரத்துதான் ஆறும் விதம். கவனிக்க வேண்டியது ஊசல் நின்றுபோவதைத்தான்: மாதக்கணக்கில் ஒரு கரையிலேயே கிடப்பது, அல்லது பெயரைச் சொன்னாலே பேச்சை மாற்றும் அளவுக்கு மறு கரையிலேயே ஒளிந்துகொள்வது.

துணிமணிகளை அவசரப்பட்டு அப்புறப்படுத்த வேண்டாம். ஒரு பெட்டியில் போட்டுத் தேதி எழுதி மேலே வைத்தால் போதும், முடிவை ஆறு மாதம் கழித்து எடுக்கலாம். கொடுத்துவிட்டதைத் திரும்பக் கேட்க முடியாது. அதிர்ச்சி நடந்த கையோடு ஒருவரை உட்கார வைத்து "எல்லாத்தையும் கொட்டிடு" என்று வற்புறுத்துவதும் வேண்டாம். அப்படிப்பட்ட ஒருமுறைக் கட்டாய அமர்வுகள் பின்னாளைய பாதிப்பைத் தடுப்பதாகத் தெரியவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்திருக்கின்றன. பேச விரும்பினால் கேளுங்கள், அவ்வளவுதான்.

எழுதுவது உதவுமா என்று கேட்பார்கள். ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பியலும் 1986-இல் வெளியிட்ட முறை: தொடர்ந்து நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், கை நிறுத்தாமல், நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதுவது. எழுத்துப்பிழை பார்க்க வேண்டாம், யாருக்கும் காட்டவும் வேண்டாம். எழுதி முடித்த அன்று மனம் இன்னும் கனமாகவே இருக்கும். நாலு நாளோடு நிறுத்துவதும் முறையின் பகுதிதான். மாதக்கணக்கில் அதே பக்கத்தை வேறு வேறு வார்த்தையில் எழுதிக்கொண்டிருந்தால், அது ஆறுவதற்கு எழுதுவதில்லை, அசைபோடுவது.

எப்போது இன்னொருவர் கை வேண்டும்

இரண்டு வாரம் என்பது நல்ல எல்லைக்கல். பெரும்பாலான நாளில், நாளின் பெரும்பகுதி, இறங்கிய மனமோ எதிலும் நாட்டமின்மையோ இரண்டு வாரத்துக்குத் தொடர்ந்தால், கூடவே பசி, தூக்கம், கவனம், உடம்பின் வேகம் ஆகியவையும் மாறியிருந்தால், அது வெறும் சிரமமான காலமாக இல்லாமல் போகலாம். மருத்துவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் பிஎச்க்யூ-9 என்ற, ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் இதைத்தான் கேட்கிறது. மொத்தம் 27 மதிப்பெண். 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் ஒருவரிடம் காட்ட வேண்டும். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணம். அதில் பூஜ்யம் தவிர வேறு எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே பேச வேண்டும்.

பிரசவத்துக்குப் பிறகு இரண்டு மூன்று நாளில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்துக்குள் அடங்கிவிடும். அதற்கு மேலும் நீடித்தால் "புதுத் தாய்க்கு அப்படித்தான் இருக்கும்" என்று ஒதுக்கக் கூடாது. தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் மனச்சோர்வின் வேஷத்தில் வரும், எனவே ஒரு இரத்தப் பரிசோதனை வீண் செலவாகாது. மனச்சோர்வு மாத்திரை எழுதிக் கொடுத்தால், பக்கவிளைவு முதல் வாரத்திலேயே தெரியும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஐந்தாம் நாள் நிறுத்துபவர்கள் கெட்டதை மட்டும் அனுபவித்துவிட்டு நல்லது வருமுன் கிளம்பிவிடுகிறார்கள். நல்லபடியான பிறகும் மருத்துவரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது.

பக்கத்தில் இருப்பவருக்கு: சந்தேகம் இருந்தால் நேராகவே கேளுங்கள். "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. பலருக்கு ஒருவர் கேட்டதே ஆசுவாசம். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா எனக் கேளுங்கள், அதற்கான பொருள் எதுவானாலும் கைக்கு எட்டாமல் அகற்றுங்கள், அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.

முதல் சந்திப்பில் கிடைக்கும் நேரம் குறைவு. "மனசே சரியில்ல டாக்டர்" என்று தொடங்கினால் பாதி நேரம் அதை அவிழ்ப்பதிலேயே போய்விடும். தூக்கக் குறிப்பையும் மணிவாரித் தாளையும் எடுத்துப் போங்கள். ஒரு சீட்டில் நாலு வரி எழுதிக் கையில் வைத்திருங்கள்: "மார்ச்சில் வீடும் வேலையும் மாறின. ஏப்ரல் நடுவிலிருந்து பெரும்பாலான நாள் மனம் இறங்கியிருக்கிறது. கடந்த 14 நாளில் 9 நாள் விடிகாலை மூன்று மணிக்கு முழிப்பு, பிறகு தூக்கமில்லை. எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது. தைராய்டு பார்க்கவில்லை. பிஎச்க்யூ-9-இல் 14, கடைசிக் கேள்விக்கு பூஜ்யம்." வாசிக்க அரை நிமிடம். பேச்சு வராவிட்டால் சீட்டை அப்படியே நீட்டிவிடலாம்.